ஒரு தட்டென்றால் ஓம்

இலுப்பையடி,
நீர்வேலி.
08.06.2025

இஞ்சாருங்கோ,

கடிதத்தில் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்ததிலேயே ஒரு தேத்தண்ணி ஆறிவிட்டது. கலியாணம் முடித்த நாளிலிருந்து இப்படித்தான் கூப்பிடுகிறேன், அதையே எழுதிவிட்டேன். நான் சுகம். சினைப்பசுவும் சுகம். உங்கள் கழுத்துக் காயம் ஆறவும், புற்றுநோய்க்குக் கரண்ட் பிடிக்கிற இடத்தில் எரிவு குறையவும் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன்.

நேற்று சந்தியில் நின்று உங்களுக்குப் போன் எடுத்தது எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் ஒழுங்கைக்குள் பேருக்கும் கவரேஜ் இல்லை. சந்திக்குப் போனால் பஸ் இரைச்சல், ஓட்டோக்காரரின் பாட்டு. டொக்டர்மார் உங்கள் குரல்பெட்டியை எடுத்த பிறகு நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்த வேண்டியிருக்கிறது. ஒரு தட்டென்றால் ஓம், இரண்டு தட்டென்றால் இல்லை என்று ஆஸ்பத்திரி வாட்டில் வைத்துப் பேசி வைத்தது நல்லதுதான். ஆனால் தட்டுவது எனக்கு மட்டுந்தானே கேட்கும்? கடைக்காரன் எட்டிப் பார்த்து, "அக்கா, ஆரோடை கதைக்கிறியள், அங்காலை ஒரு சத்தத்தையும் காணேல்லை" என்கிறான்.

அதற்குள் உங்களுக்குப் பகிடி வேறு. "சுருட்டைத் தொட்டனீங்களோ?" என்று கேட்டால் ஒரு தட்டு. எப்போது கேட்டாலும் ஒரு தட்டு. தொண்டையில் துவாரத்தோடு கிடக்கிற மனுசன் எந்த வழியால் சுருட்டுக் குடிப்பாராம்? நான் ஏசின ஏச்சுக்குச் சந்தியே திரும்பிப் பார்த்தது. அங்கே நின்று மனதில் இருப்பதைச் சொல்ல முடியாது. இனி முக்கியமானதெல்லாம் கடிதத்தில்தான்.

ஒரு புதினம். வேலிக்கு அங்கால், சுவிசில் இருக்கிறவரின் வெறுங்காணிக்குள் எழும்பிய போன் ரவர்க் கோபுரம் கட்டி முடிந்துவிட்டது. இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. பிரதேச சபை ஓம் என்று சொன்னால்தான் கொடுப்பார்களாம். விடக்கூடாது என்று துரைராஜா மாஸ்டர் ஒழுங்கை முழுக்கக் கூட்டம் சேர்க்கிறார்.

சாப்பாட்டுக் குழாயைக் கவனமாகப் பிடியுங்கள்.

உங்கள்,
ஞானம்


மகரகமை,
17.06.2025

அன்பின் ஞானம்,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சுகமில்லை என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாய். ஆகவே, இருக்கிறேன் என்று எழுதுகிறேன். உன் முழங்கால் நோ எப்படி? வாழைக்கு இறைக்கிற நாளில் ஈரத்துக்குள் நெடுநேரம் நிற்காதே.

பக்கத்துக் கட்டிலில் எமில்ராஜ் என்று ஒருவர், மன்னார்க் கடலில் தொழில் செய்கிறவர். அவருக்கும் குரல்பெட்டி எடுத்தாயிற்று. இரண்டு பேரும் சிலேட்டில் எழுதி எழுதிச் சண்டை பிடிக்கிறோம். அரசாங்கத்தைத் திட்டுவதென்றால் சிலேட்டில் இடம் காணாது, அழித்து அழித்து எழுத வேண்டும். எங்கள் ரவர் கதையை அவருக்கு எழுதிக் காட்டினேன். அவருடைய ஊரில், கடலுக்குள் போனவர் கரைக்கு ஒரு சொல் சொல்ல வழியில்லை என்று ரவர் கேட்டு மனுக் கொடுத்துச் சனம் களைத்துவிட்டதாம். "கட்டினதை வேண்டாமெண்டினமோ? கழட்டி எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கோ" என்று எழுதினார்.

எனக்கும் அந்த ரவர் வேண்டும், ஞானம். ஊருக்கு என்ன நன்மை என்று நான் யோசிக்கவில்லை, எனக்குத்தான் வேண்டும். அதற்குக் கரண்ட் வந்தால் நீ வீட்டுக்குள் இருந்தே கதைப்பாய். சந்தியில் நின்று நீ கத்துவது உன் குரலே இல்லை. விடியப் பசுவோடு சண்டை பிடித்துக்கொண்டு பால் கறப்பாயே, கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு உனக்கு நீயே முணுமுணுப்பாயே, அதைத்தான் எனக்குக் கேட்க வேண்டும். என் குரல் போனதை ஒருமாதிரித் தாங்கிக்கொண்டேன். உன்னுடையதும் இல்லாமல் இங்கே கிடப்பது கடினமாக இருக்கிறது.

துரைராஜா மாஸ்டரிடம் சொல், கொஞ்சம் பொறுக்கச் சொல்லி.

இப்படிக்கு,
முருகேசு


இலுப்பையடி,
02.07.2025

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்குக் கீழ் வைத்திருக்கிறேன். இங்கே நான் சுகம். அங்கே காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

ஞாயிற்றுக்கிழமை கோயில் மடத்தில் கூட்டம். போகாமல் இருந்தால் கதை வரும் என்று போனேன். துரைராஜா மாஸ்டருக்குக் கனடாவில் இருக்கிற மருமகன் ஒவ்வொரு நாளும் வீடியோ அனுப்புகிறானாம். அதைப் பார்க்க மாஸ்டர் சந்திக்குப் போய் நின்று, பார்த்துவிட்டு வந்து, ரவர் கூடாது என்கிறார். தேனீ வராது, வாழை குலை தள்ளாது, பெண்டுகளுக்குக் கரு தங்காது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கவரேஜ் வந்தால் பெடியங்கள் கெட்டுப்போவார்கள் என்றார் ஒருவர். இப்போது மட்டும் என்ன திருந்திக் கிடக்கிறார்களோ தெரியவில்லை.

ஆனால் ஒரு மனுசி சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. "முந்தி ரவர் எண்டால் ஆமியின்ரை. இப்ப கொம்பனியின்ரை. எங்களைக் கேட்டு இந்த மண்ணிலை ஒண்டும் எழும்பினதில்லை" என்றாள்.

முன்வீட்டு நிவேதனா மட்டும் எழும்பினாள். "கொரோனா நேரம் நான் மதகிலை வெய்யிலுக்கை இருந்து படிச்சனான். அப்ப ஒருத்தரும் எனக்காகக் கூட்டம் வைக்கேல்லை. உங்களுக்கு வேண்டாமெண்டால் போனை நிப்பாட்டி வையுங்கோ, எனக்கு வேணும்" என்றாள். அவளை இருத்திவிட்டார்கள். படிக்கிற பிள்ளை பெரியவர்களுக்கு வாய்காட்டுகிறதாம்.

கடைசியில் மாஸ்டர், "முருகேசுவின்ரை தொண்டைக்கு என்ன நடந்ததெண்டு ஞானாம்பிகையைக் கேளுங்கோ. அத்திவாரம் வெட்டினது தையிலை. அந்தாளுக்குத் தொண்டை அடைச்சது மாசியிலை" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பசு கத்தும் என்று எழும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? தை, பிறகு மாசி. கணக்குச் சரியாகத்தானே வருகிறது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞானம்


மகரகமை,
15.07.2025

அன்பின் ஞானம்,

உன் சுகத்தைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. கழுத்துத் தோல் கறுத்துவிட்டது, கண்ணாடியில் பார்த்தால் அடுப்பங்கரைச் சுவர்தான்.

மாஸ்டர் சொன்ன கணக்கு எனக்குச் சிரிப்பைத்தான் தந்தது. சிரித்தால் துவாரத்தால் காற்று வரும், எமில்ராஜ் பயந்துவிடுவார். மாசியில் நான் டொக்டரிடம் போனேன். தொண்டை அடைத்தது அதற்கு முந்திய நல்லூர்த் திருவிழா நேரம். நீதானே மிளகு அவித்துத் தந்தாய், மறந்துவிட்டாயா? அப்போது அந்தக் காணிக்குள் பற்றையும் பாம்பும்தான் இருந்தன. அதைவிட, அந்த ரவருக்கு இன்னும் கரண்டே கொடுக்கவில்லை. கரண்ட் இல்லாத இரும்பு யாரை என்ன செய்யும்?

உங்களுக்குக் கதிர் என்றால் பயம். எனக்கு இங்கே அதைத்தான் மருந்தாகத் தருகிறார்கள். ஒவ்வொரு நாளும் படுக்க வைத்து, அசையாதே என்று சொல்லிக் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

டொக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன குடிப்பாய் என்பது. சுருட்டு என்று எழுதிக் காட்டினேன். எத்தனை வருசம் என்றார். கலியாணம் முடித்ததிலிருந்து என்று எழுதினேன். அவர் அதை அப்படியே காகிதத்தில் குறித்துக்கொண்டார். ஞானம், உன் ஐயாவின் புகையிலைத் தோட்டத்தை யாரும் குற்றம் சொல்லவில்லை. அது சீதனமாக வந்தது, எங்களுக்கு முப்பது வருசம் சோறு போட்டது. சுருட்டை என் வாயில் வைத்தது நான். உன் ஐயா இல்லை, நீயும் இல்லை.

இதை நீ வாசித்து முடித்தால் ஒரு வரி எழுது.

முருகேசு


இலுப்பையடி,
11.08.2025

இஞ்சாருங்கோ,

பதில் எழுதப் பிந்திவிட்டது. பசு கன்று போட்டது, பெண் கன்று, நாகு. அந்த அலைச்சலில் பேனையைத் தொட நேரமில்லை. நான் சுகம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. கேட்டுக் கோபிக்கக் கூடாது. வவுனியாவிலிருந்து உங்கள் பெரியம்மாவின் மகன் வெள்ளைச் சேட்டோடு வந்து, படலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நான் கன்றுக்குச் சாக்கு விரித்துக்கொண்டு நின்றேன். என்ன அண்ணை என்று கேட்டால், "எடி பிள்ளை, எங்களுக்கு ஒரு சொல் சொல்லேல்லையே" என்கிறார். பின்னால் கோப்பாயிலிருந்து இரண்டு பேர் செத்த வீட்டுக்குக் கொடுக்கிற சீனியும் தேயிலையும் கொண்டு வந்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். ரவருக்கு எதிராகச் சந்தியில் ஒரு பதாகை கட்டியிருக்கிறார்கள். அதில் உங்கள் படம். "இன்று முருகேசு. நாளை?" என்று கீழே எழுத்து. அடித்துக் கொடுத்தது கண்ணீர் அஞ்சலிப் பதாகை அடிக்கிற கடை. அவனுக்குக் கை பழகிப்போய், உங்களுக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, சுற்றிவரப் பூவும் போட்டுவிட்டான். பஸ்ஸில் போகிறவன் வாசிப்பானா? படத்தையும் விளக்கையும் கண்டதும் செத்துப்போனார் என்று சொல்லிக்கொண்டு போகிறான்.

அண்ணைக்குச் சோறு கொடுத்து, நீங்கள் எழுதிய கடிதத்தைக் காட்டி அனுப்பினேன். சீனியைத் திருப்பிக் கொடுத்தால் குறை நினைப்பார்கள் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். விளக்கை அழித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. கன்றுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

ஞானம்


மகரகமை,
14.08.2025

அன்பின் ஞானம்,

இங்கே வழமை போலத்தான். புதிதாக வந்த டொக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு படம் எடுக்க வேண்டுமாம். நீ சுகம்தானே?

நேற்று எமில்ராஜ் தன்னுடைய பெரிய போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். உங்கள் ஆர்ப்பாட்டத்தை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பதாகையில் என்னைக் கண்டேன், விளக்கு, பூ எல்லாவற்றோடும். உயிரோடு இருக்கும்போதே இதைப் பார்க்கக் கிடைக்கிறவர்கள் குறைவு. சேட்டு நன்றாக இருந்தது. அது ஒரு கலியாண வீட்டில் எடுத்த படம். அதில் ஒரு பிரதிதான் உண்டு, அது எங்கள் அலுமாரிக்குள்தான் இருந்தது.

பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு நீ வந்தாய்.

முப்பது வருசத்தில் கோயிலில் ஒரு தேவாரம் பாடக் கேட்டாலும் ஒளிந்துகொள்ளுகிற மனுசி நீ. "என்ரை மனுசன்ரை குரலைப் பறிச்சது இந்த ரவர். சபைக்குக் குடுத்த மனுவிலை முதல் ஆளாய்க் கையெழுத்து வைச்சவள் நான். என்ரை சவத்துக்கு மேலாலைதான் இதுக்குக் கரண்ட் போகோணும்" என்றாய். சனம் கைதட்டியது. பசு கத்தும் என்று எழும்பிப் போனதாக எழுதியிருந்தாய். பரவாயில்லை, நான் ஏசவில்லை.

எமில்ராஜை மறுபடி போடச் சொன்னேன். நீ பொய் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது உன் குரல். சந்திக் கத்தல் இல்லை, அழுகை வரும்போது வீட்டுக்குள் வருகிற குரல். எத்தனை முறை போடச் சொன்னேன் என்று தெரியவில்லை. கடைசியில் அவர், "போனிலை சார்ஜ் முடியுது, அண்ணை" என்று சிலேட்டில் எழுதினார். ரவர் வேண்டாம் என்று நீ சொல்வதை ஏதோ ஒரு ரவர்தான் எனக்குக் கொண்டுவந்து தந்தது. எனக்கு அழுகை வந்தது, ஞானம். சத்தமில்லாமல் அழுவது இப்போது எனக்குச் சுலபம்.

உன் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள். பாதிக்கப்பட்ட குடும்பமே விலகினால் சபை வேறு காரணம் தேட வேண்டும். ஊருக்காகக் கேட்கவில்லை. எனக்காகக் கேட்கிறேன். கெதியாகச் செய்.

முருகேசு


இலுப்பையடி,
05.09.2025

இஞ்சாருங்கோ,

தபால்காரர் வேலைநிறுத்தத்தில் உங்கள் கடிதம் எங்கேயோ சாக்குக்குள் கிடந்து இந்தக் கிழமைதான் வந்தது. நான் சுகம் என்று எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஓம், படத்தைக் கொடுத்தது நான். கையெழுத்து வைத்ததும் நான். மைக்கைப் பிடித்ததும் நான்தான். இப்போது கேளுங்கள்.

ரவர் இல்லையென்றால் வேறு எது? சொல்லுங்கள். கலியாணம் முடித்த புதிதில் உங்களுக்குச் சுருட்டுப் பழக்கம் இல்லை. ஐயாதான் பந்தலுக்குள் கூப்பிட்டுத் தன்னுடைய கையால் சுற்றியதை நீட்டினார். "எங்கடை தோட்டத்துச் சரக்கு, மருமோன்" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையாட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ரை ஐயா உங்களை மதிக்கிறாரே என்று. அதன் பிறகு அந்த மண்ணில் நட்டது நான், முகை கிள்ளினது நான், புகையிலை பதப்படுத்துகிற போறணையில் புகை போட்டது நான். நீங்கள் என் பெயரில் குற்றமில்லை என்று எழுதுகிறீர்கள். எழுதத் தேவையில்லாத ஒன்றை யாராவது எழுதுவார்களா?

அந்த ரவர் வாய் பேசாது. அதன் தலையில் எதைப் போட்டாலும் தாங்கும். அது நின்றபடியால்தான் நான் இரவில் கண்ணை மூடுகிறேன். அதையும் பறிக்கச் சொல்கிறீர்கள். என்னால் முடியாது.

மருந்தை நேரத்துக்கு எடுங்கள். எடுத்த படத்துக்கு என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

ஞானம்


மகரகமை,
22.09.2025

அன்பின் ஞானம்,

கை கொஞ்சம் சரிகிறது, எழுத்துக்கு மன்னித்துக்கொள். ஊசி ஏற்றின கை. நீ சுகமாக இரு.

படம் நல்லது என்கிறார்கள். கரண்ட் பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள், அது போதுமாம். தீபாவளி கழிய ஆளை அனுப்பிவிடலாம் என்று கதை. நீ வரத் தேவையில்லை, நான் வருவேன்.

நீ தலையாட்டியது எனக்கு நினைவில்லை. அன்றைக்கு நீ மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்ததுதான் நினைவிருக்கிறது. ரவரை நீ வைத்துக்கொள். அதன் தலையில் எல்லாவற்றையும் போடு. ஆனால் போட்ட பிறகு, அதற்கு ஒரு முறை கரண்ட் கொடுக்க விடு. பின்னேரம் ஐந்து மணிக்கு, அடுப்படியில் இருந்து, யாரும் பார்க்காமல் எனக்கு ஒரு போன் எடு. கன்றின் பெயரைச் சொல்லு. நான் தட்டுகிறேன்.

அவ்வளவுதான் எனக்கு வேண்டும். வேறு ஒன்றும் இல்லை.

முருகேசு


இலுப்பையடி,
24.10.2025

இஞ்சாருங்கோ,

தீபாவளி போய்விட்டது. நீங்கள் வரவில்லை. எழுதுவதாகவும் இல்லை. சந்தியில் போய் எடுத்தால் மணி அடித்து அடித்து நிற்கிறது. சென்ற முறை எடுத்தபோது ஒரு கேள்விக்குத் தட்டினீர்கள், அடுத்ததற்குத் தட்டவில்லை. உங்கள் எழுத்து ஏன் அப்படிச் சரிந்தது என்று நிவேதனாவிடம் காட்டினேன். ஊசிதான் என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கையெழுத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். சபையில் எழும்பி நின்று, "என்ரை மனுசனுக்கு உதாலை வந்த வருத்தமில்லை, நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன்" என்றேன். துரைராஜா மாஸ்டர் வெளியே வந்து, "கொம்பனி உனக்கு என்ன தந்தது?" என்று கேட்டார். இப்போது ஒழுங்கையில் என்னோடு கதைப்பது நிவேதனா மட்டும்தான். என் வாழைக்குலையை ஒருவரும் ஏற்றிக்கொண்டு போவதில்லை, நானே சந்தைக்குக் கொண்டுபோகிறேன். முன்னர் அழுதுகொண்டு கைதட்டினவர்கள் இப்போது என்னைக் கண்டால் வேலியைப் பார்க்கிறார்கள். போகட்டும்.

நவம்பர் ஐந்தாம் திகதி பின்னேரம் கரண்ட் கொடுக்கிறார்கள். அடுப்படியில் இருந்து எடுப்பேன். அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் வருவேன். கன்றின் பெயரைப் போனில்தான் சொல்வேன்.

அதுவரைக்கும் இருங்கள். உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

ஞானம்


மகரகமை,
16.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்களோடு இருக்கட்டும். நான் எமில்ராஜ். நீங்கள் அண்ணையை ஊருக்குக் கொண்டுபோக வந்தபோது உங்களை நேரே பார்த்தேன், ஆனால் சிலேட்டில் இதை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. உங்கள் உடல்நலம் எப்படி என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

வருத்தம் திரும்பிவிட்டது என்பது அண்ணைக்கு ஆவணியிலேயே தெரியும். உங்களுக்கு எழுதச் சொல்லி நான் சண்டை பிடித்தேன். "கையெழுத்தைத் திரும்ப வாங்கினவுடனை எழுதுறன். இப்ப எழுதினால் பயத்திலை வாங்குவாள். மனம் வந்து வாங்கோணும்" என்று எழுதினார். உங்கள் கடைசிக் கடிதம் வந்தபோது, "வெள்ளிக்கிழமை வருவாள், நேரை சொல்லுறன்" என்று எழுதினார்.

ஐந்தாம் திகதி காலையில் கழுத்தால் இரத்தம் போகத் தொடங்கியது. உள்ளே கொண்டுபோகுமுன் தன்னுடைய போனை என் கையில் வைத்து அழுத்திவிட்டு, சிலேட்டை இழுத்து எழுதினார். "அஞ்சு மணிக்கு எடுப்பாள். நான் இல்லாட்டி நீ தட்டு. அவள் தனிய நிண்டு கதைக்கப்படாது." மதியத்துக்கு முன்னமே முடிந்துவிட்டது. நேர்ஸ் உங்கள் இலக்கத்துக்கு விடாமல் எடுத்தார். தொடர்பு கொள்ள முடியாது என்றே சொன்னதாம். வேறு இலக்கம் அவர்களிடம் இல்லை.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது. எனக்கும் குரல் இல்லை, அக்கா. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. காதில் வைத்தேன். "கேக்குதோ?" என்றீர்கள். ஒரு தட்டுத் தட்டினேன். "சாப்பிட்டீங்களோ?" என்றீர்கள். ஒரு தட்டு. அதற்குப் பிறகு "சுருட்டைத் தொட்டனீங்களோ?" என்று கேட்டீர்கள். அதற்கு என்ன தட்டுவது என்று அண்ணை சொல்லித் தரவில்லை. போன மனுசன் மேல் பொய் சொல்லக் கூடாது என்று இரண்டு தட்டுத் தட்டினேன். அங்கால் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கன்றைப் பற்றிக் கதைத்தீர்கள். நெடுநேரம் கதைத்தீர்கள். நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

உங்களை ஏமாற்றிவிட்டேன். எனக்கு நித்திரை வருவதில்லை. மன்னிக்க முடியாவிட்டால் அதையாவது எழுதுங்கள்.

எமில்ராஜ்


இலுப்பையடி,
22.11.2025

அன்புள்ள தம்பி எமில்ராஜுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் காயம் ஆறுகிறதா? சாப்பாட்டுக் குழாயை எடுத்துவிட்டார்களா? என் பாடு நடக்கிறது. அஸ்தியைக் கீரிமலைக் கடலில் கரைத்தோம். நானும் நிவேதனாவும் கூலிக்கு வந்த ஓட்டோக்காரரும்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் அங்கேதான் செய்ய வேண்டும்.

செத்த வீட்டுக்கு ஊர் வந்தது. துரைராஜா மாஸ்டரும் வந்தார். பதாகைக்குக் காசு கொடுக்கத் தேவைப்படவில்லை. கடைக்காரனிடம் முந்தின படம் விளக்கோடும் பூவோடும் அப்படியே இருந்தது. கீழே எழுத்தை மட்டும் மாற்றித் தந்தான். சந்தியில் அதே கம்பத்தில் கட்டினார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது பழைய செய்தி. வவுனியா அண்ணைக்குச் சொல்லி அனுப்பியும் அவர் இம்முறை வரவில்லை. நம்பவில்லை போல.

ரவருக்குக் கரண்ட் வந்துவிட்டது. அடுப்படியில் நல்ல கவரேஜ். எனக்கு எடுப்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

நீங்கள் என்னை ஏமாற்றவில்லை, தம்பி. அந்தக் கேள்விக்கு அவர் ஒருநாளும் இரண்டு தட்டியதில்லை. என்னைச் சீண்டுவதற்காக எப்போதும் ஒன்றுதான் தட்டுவார், நான் ஏசுவேன், அது எங்கள் வழக்கம். இரண்டாவது தட்டுக் கேட்டபோதே அவர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களை ஆர் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஏன் அவ்வளவு நேரம் கதைத்தேன் என்று யோசித்திருப்பீர்கள். இந்த வீட்டுக்குள் இனிப் போன் அடிக்கும். நான் வைத்தவுடன் ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது எடுத்து அதைச் சொல்லிவிடுவார்கள். கதைத்துக்கொண்டிருந்தால் ஒருவரும் உள்ளே வர முடியாது. கன்றைப் பற்றிச் சொன்னேன், கிணற்றைப் பற்றிச் சொன்னேன், சொல்ல ஒன்றும் இல்லாமல் போன பிறகு உலையில் அரிசி எப்படிக் கொதிக்கிறது என்று சொன்னேன். நீங்கள் தட்டிக்கொண்டிருந்தீர்கள். போனில் காசு முடிந்து தானாக அறுந்தது.

கையை எடுக்கு முன்னமே மணி அடித்தது.

கன்றின் பெயர் உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். குணமாகி ஊருக்குப் போகும்போது எனக்கு ஒரு போன் எடுங்கள். பேச முடியாது என்று யோசிக்க வேண்டாம், நான் கதைப்பேன்.

அன்புடன் அக்கா,
ஞானாம்பிகை முருகேசு